மகனுக்காகச் செலவழித்த பணம் கடனாகுமா?

கேள்வி: வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். கால்பந்து ஆடும் என் மகனுக்குப் பதினேழரை வயது. பயிற்சிக் கட்டணம், பூட்ஸ், வெளியூர்ப் போட்டிகள் என்று மனைவியின் நகைகளை அடகு வைத்து ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்துவிட்டேன். இப்போது ஒரு கிளப் மூன்று ஆண்டு ஒப்பந்தம் தருகிறது. மகனோ, "பதினெட்டு முடியட்டும், வெளிநாட்டில் முயன்று பார்க்கிறேன்" என்கிறான். அவனுக்காக நான் கையெழுத்திடலாமா? அவன் மறுத்தால், செலவழித்த பணத்தைக் கேட்க எனக்கு உரிமை உண்டா? ஏஜென்ட் ஒருவர் கொடுத்த பத்திரத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கையெழுத்திடலாம், ஆனால் அது மகனைக் கட்டுப்படுத்தாது. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-லேயே மோகரி பீபி வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு அமைப்பாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. தந்தை கையெழுத்திட்டால் சரியாகிவிடுமே என்பார்கள். 1940-களின் இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ராஜ் ராணி வழக்கைப் பாருங்கள். சிறுமியான நடிகைக்காக அவருடைய தந்தை படத் தயாரிப்பாளருடன் செய்த ஒப்பந்தம் அது. தயாரிப்பாளர் வாய்ப்பு தராதபோது, அந்த ஒப்பந்தத்தை வைத்து இழப்பீடு பெற முடியவில்லை. கிளப் சம்பளத்தை நிறுத்தினால் உங்களுக்கும் இதே கதிதான்.

தவிர, மகன் சொல்வது விளையாட்டுப் பேச்சு அல்ல. சில விதிவிலக்குகள் தவிர, 18 வயதுக்கு முன் வீரர் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாற, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகள் இடம் தருவதில்லை. இன்று மூன்று ஆண்டுக்குக் கட்டுப்பட்டுவிட்டால், நாளை வெளிநாட்டுக் கிளப் அவனை எடுக்க இந்தக் கிளப்பின் சம்மதமும் வேண்டும், பணமும் தர வேண்டும்.

அடுத்து ஆறு லட்சம். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது கடன் அல்ல. பிள்ளையை வளர்க்கப் பெற்றவர் தாமாகச் செய்த செலவு, வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. பின்னாளில் உங்களால் சம்பாதிக்க முடியாமல் போனால், வசதியுள்ள மகனிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். அது அன்றாட வாழ்க்கைக்கானது, பழைய கணக்கைத் தீர்ப்பதற்கல்ல. வெளிநாட்டுக் கிளப்புகள் தரும் பயிற்சி இழப்பீடும் பயிற்சியளித்த கிளப்புகளுக்குத்தான் போகும், பெற்றோருக்கு அல்ல.

மகனே மனமுவந்து திருப்பித் தர விரும்பினால் வழி உண்டு. 18 நிறைந்த பிறகு, நெருங்கிய உறவினருக்கு அன்பின் பேரில் எழுதித் தரும் உறுதிமொழி, எழுத்தில் இருந்து பதிவும் செய்யப்பட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி செல்லும். ஆனால் பிறந்தநாள் முடிந்த மறுநாளே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வற்புறுத்தி வாங்கியது என்று தெரிந்தால் அந்தப் பத்திரம் நிற்காது; மகனும் உங்கள் பக்கம் நிற்க மாட்டான்.

ஏஜென்ட் தந்த பத்திரத்தில் கையெழுத்திடவே வேண்டாம். ஒன்பதாவது பத்தியில், ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஐந்து ஆண்டுகள் எந்த வாய்ப்பையும் முதலில் தம்மிடமே காட்ட வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கு எதிராக இத்தகைய நிபந்தனையைக் கொண்டு ஒரு நிறுவனம் வழக்காடியபோது, ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகு அது செல்லாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றம் வரை போகும் செலவை உங்கள் ஆட்டோ தாங்காது.

கிளப்பிடம் ஆறு மாத அவகாசம் எழுத்தில் கேளுங்கள். 18 முடிந்து மகனே கையெழுத்திடும்போது, காயமடைந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, அப்போதும் சம்பளம் உண்டா என்ற பத்திகளை முதலில் படியுங்கள். நகைக் கடன் கெடு அதற்குள் வருகிறதென்றால், ஏல அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே வங்கி மேலாளரைப் பாருங்கள்.