மின்னூட்டம் சுழி என்றால், நியூட்ரானுக்குள் மின்னூட்டமே இல்லையா?

டர்பனில் படிக்கும் மாணவரே, நிறையவே இருக்கிறது, கூட்டினால்தான் சுழி. புரோட்டானின் மின்னூட்டத்தை (1.602×10⁻¹⁹ கூலும்) +1 என்று கொள்ளுங்கள். புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்களால் ஆனவை: மேல் குவார்க்குக்கு +2/3, கீழ் குவார்க்குக்கு −1/3. புரோட்டானில் இரண்டு மேல், ஒரு கீழ்: ஆக +1. நியூட்ரானில் ஒரு மேல், இரண்டு கீழ்: சுழி. நியூட்ரானுக்குக் காந்தத் திருப்புத்திறன் இருப்பதே, அதாவது அது ஒரு சிறு காந்தம்போல் நடந்துகொள்வதே, உள்ளே மின்னூட்டங்கள் இருப்பதற்கு நல்ல சான்று.

பலரும் சறுக்குவது பீட்டாச் சிதைவில், அதாவது நியூட்ரான் புரோட்டானாக மாறி எலக்ட்ரானை வெளிவிடும் நிகழ்வில். வெளிவரும் எலக்ட்ரான் நியூட்ரானுக்குள் ஒளிந்திருந்ததல்ல. கீழ் குவார்க் மேல் குவார்க்காக மாறும்போது அது புதிதாகப் பிறக்கிறது: −1/3 = +2/3 − 1. கூடவே வரும் எதிர்நியூட்ரினோ என்ற மிக இலேசான துகளுக்கு மின்னூட்டம் இல்லை.

நியூட்ரானை மின்புலத்தால் முடுக்க முடியாது. அதனால்தான் கேப் டவுன் அருகே ஐதெம்பா ஆய்வகத்தில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நியூட்ரான்களைப் பெற, முடுக்கிய புரோட்டான்களைப் பெரிலியம் என்ற உலோகத்தின் மீது மோதவிட்டார்கள்.