டபுள் பேஸ்: தந்தியை அல்ல, பிரிட்ஜைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு முக்கால் அளவு டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய, தாழ்ந்த சுருதி வாத்தியம்) ஒன்றை வாங்கினேன். வாரநாளில் டொரொன்டோ ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் வில், சனிக்கிழமை ஜாஸ் ட்ரையோவில் விரல். தந்திகள் உயரமாக இருந்ததால் ஒரு நண்பர், தந்திகளைத் தாங்கும் மரப்பாலமான பிரிட்ஜின் நடுப்பகுதியை அரத்தால் தேய்த்துத் தாழ்த்திக் கொடுத்தார். மீட்டுவது சுகமாகிவிட்டது. வில்லை வைத்தால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து கத்துகிறது, வலது தோள் வலிக்கிறது. ஸ்பைரோகோர் தந்திகளை எடுத்துவிட்டு இவா பிராட்ஸி தந்திகள் போடலாமா? கையைக் கீழிருந்து கொடுத்துப் பிடிக்கும் ஜெர்மன் வில்லுக்கு மாறட்டுமா? உட்கார்ந்து வாசிப்பது நல்லதா?

ச.

அன்புள்ள ச.,

வலியோடு வாசிக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் வில்லை உறையிலேயே வைத்திருங்கள்.

வில் பிரெஞ்சா ஜெர்மனா என்பதும், நிற்பதா உட்காருவதா என்பதும் உங்கள் பிரச்சினையே அல்ல. நின்றால், தொங்கவிட்ட வலது கையில் வில்லைப் பிடிக்கும்போது அது பிரிட்ஜுக்கும், இடக்கை விரல்கள் தந்தியை அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் முனைக்கும் நடுவில் வந்து விழ வேண்டும். அதற்கேற்ப, வாத்தியத்தைத் தரையில் தாங்கும் கம்பியான எண்ட்பின்னை வையுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது அந்த அரம். நடுவை மட்டும் தேய்க்க அனுமதித்தீர்களே! பிரிட்ஜின் மேல்விளிம்பு வளைவாக இருப்பது அழகுக்காக அல்ல. தடித்ததிலிருந்து மெல்லியது வரை தந்திகள் இ, ஏ, டி, ஜி. ஏ தந்தியில் வில் அழுந்தும்போது இ, டி இரண்டையும் தொடாமல் நகர இடம் வேண்டும். வளைவு தட்டையானால் அந்த இடம் போய்விடும். பக்கத்துத் தந்தியைத் தொடாமலிருக்கக் கையை அந்தரத்தில் பிடித்தபடி வாசிக்கிறீர்கள். தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று. கட்டைவிரலையும் தந்திமேல் வைத்துப் பலகையின் முனைப்பக்கம் வாசிக்கும் கட்டைவிரல் நிலையில் டி தந்தியை அழுத்தினால் அது பலகைவரை இறங்கிவிடும், ஜியும் ஏயும் அதைவிட மேலே நிற்கும். ஆக, தந்தி எவ்வளவு உயரமோ அவ்வளவு வளைவும் தேவை. உயரத்தைக் குறைத்தால்தான் குறைந்த வளைவு போதும். நண்பர் செய்தது, உயரத்தைத் தீர்க்க வளைவைத் தின்றது.

மரம் இன்னும் மிச்சம் இருப்பதால் இதைச் சரிசெய்யலாம். வாத்தியம் பழுதுபார்க்கும் லூத்தியரிடம், பிரிட்ஜில் ஜி, இ தந்திகள் அமரும் பள்ளங்களையும் இறக்கி வளைவை மீட்கச் சொல்லுங்கள். பிரிட்ஜின் கால்களில் அட்ஜஸ்டர் சக்கரம் இருந்தால் மொத்த உயரத்தை அதால் ஏற்றிக்கொள்ளலாம். திருகின் புரி ரொம்ப வெளியே தெரிய வேண்டிவந்தால் புதுப் பிரிட்ஜ்தான் வழி. பள்ளம் தந்தியின் பருமனில் பாதிக்கு மேல் ஆழமாக வேண்டாம். பென்சில் கரியைத் தடவுங்கள், தந்தி வழுக்கி நகரட்டும்.

ஃபிங்கர்போர்டு முனையில், தந்தியின் அடிப்பக்கத்திலிருந்து பலகைவரை அளந்து பாருங்கள். எஃகுத் தந்தியில் வில்லும் விரலும் இரண்டும் வேண்டுமானால் ஜி 6 மி.மீ., டி 7, ஏ 8, இ 9 என்று தொடங்கலாம். அதற்குக் கீழே போனால் பலமாக மீட்டும்போது இ உறுமும். ஆனால் பலகை நேராக இல்லாவிட்டால் இந்த எண்களால் பயனில்லை. தந்தியை நட்டருகிலும் (பலகையின் தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் சிறு கட்டை) பலகை முனையிலும் அழுத்துங்கள். நடுவில் தெரியும் இடைவெளி ஜியில் சுமார் 1 மி.மீ., இயில் 2 இருக்கட்டும். மேடு பள்ளம் இருந்தால் பலகையை இழைத்துச் சமப்படுத்த வேண்டும். நட்டில் விசிட்டிங் கார்டு ஒன்று தந்திக்கடியில் நுழையும் அளவு போதும். அதைவிட உயரமென்றால் முதல் நிலையில் இடக்கை தேவையில்லாமல் உழைக்கும்.

அட்ஜஸ்டரைத் திருகுமுன் நான்கு தந்தியையும் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், முழுதும் அவிழ்க்காதீர்கள். அவிழ்த்தால், உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட் என்ற மரக்குச்சி சாய்ந்துவிடும். இரு பக்கமும் மாறிமாறிக் கால் சுற்று. எம்6 (6 மி.மீ. பருமன்) திருகானால் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும், பலகை முனையில் அது ஏறத்தாழ 0.8. சுருதி ஏற்றும்போது பிரிட்ஜின் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் சாயும். டெயில்பீஸ் (தந்திகளின் கீழ்முனை மாட்டியிருக்கும் கட்டை) பக்க முகம், வாத்தியத்தின் முன்பலகையான வயிற்றுப்பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, விரலால் பின்னால் தள்ளுங்கள். டொரொன்டோவில் குளிர்கால ஹீட்டர் மரத்தை உலர்த்தி வயிற்றை இறக்கும், தந்தி தாழ்ந்து உறுமும். கோடை ஈரத்தில் உயரும். அப்போதெல்லாம் அரம் வேண்டாம், சக்கரத்தைத் தொடுங்கள். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

வில்லாலும் விரலாலும் ஒரே வாத்தியத்தில் வாசிக்க முடியாது என்று யாராவது சொன்னால், 1950களில் பேஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ் ஜாஸில் வில்லால் வாசித்த தனி ஆவர்த்தனங்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

தந்தியைக் கேட்டீர்கள். ஸ்பைரோகோர் மீட்டினால் நீண்டு பாடும், வில்லுக்கு இ தந்தியில் சற்றுச் சொரசொரப்பு. இவா பிராட்ஸி, ஹெலிகோர் ஹைப்ரிட் இரண்டும் நடுவழி. வில்லில் தடவும் பிசினான ரோசினை வில் படும் இடத்துக்குள் நிறுத்துங்கள், மீட்டும் இடத்தில் தினமும் துணியால் துடையுங்கள். ஆனால் பிரிட்ஜ் வேலை முடியுமுன் ஒரு டாலர்கூடத் தந்திக்குச் செலவிடாதீர்கள். டெயில்பீஸ் பக்கமிருந்து எடுத்த பிரிட்ஜ் படம் ஒன்றையும் நான்கு அளவுகளையும் அனுப்புங்கள்.