திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு: சர்க்கரை நோயாளிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

சர்க்கரையும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து படுத்தும் பாட்டைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். ‘மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன்’ என்ற வரி பல கேள்விகளில் இருந்தது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: எனக்கு வயது 54. ஒரு வருடத்தில் நான்கு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டால் நின்றுவிடும், மறுபடி வரும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 190. உடம்புச் சூடுதான் காரணமா?

சூடு காரணமில்லை. வெயிலில் தண்ணீர் குறைந்து, சிறுநீர் அடர் மஞ்சளாக இறங்கும்போதும் கொஞ்சம் எரியும். ஆனால் அது நாலு தம்ளர் தண்ணீரில் அடங்கிவிடும். ஆறு மாதத்தில் 2 முறை, அல்லது ஓராண்டில் 3 முறை கிருமித் தொற்று வந்தாலே ‘திரும்பத் திரும்ப வருவது’ என்ற கணக்கில் சேரும். உங்களுக்கு நான்கு முறை வந்திருக்கிறது.

ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும். வெறும் வயிற்றிலேயே 190 என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரை ஏறியிருக்கும்போது கிருமியைப் பிடித்து விழுங்கும் வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும். ஆகவே எந்த ஆன்டிபயாட்டிக் போட்டாலும் சர்க்கரை இறங்காமல் பாதி வேலைதான் நடக்கும்.

அடுத்தது அந்த இரண்டு நாள் மாத்திரை. எரிச்சல் நின்றதால் கிருமி ஒழிந்தது என்று ஆகாது. மருந்துக்கு அசையாத கிருமிகள் மிஞ்சி, அவை பெருகுகின்றன. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவை எச்1 அட்டவணையில் இருப்பவை. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கவே கூடாது. விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்கவும் வேண்டும்.

அடுத்த முறை எரிச்சல் தொடங்கியதும் முதல் மாத்திரைக்கு முன்பே யூரின் கல்ச்சருக்கு, அதாவது சிறுநீரில் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரே ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போனாலும் கிருமி வளராமல் ‘நோ குரோத்’ என்று வந்துவிடலாம். சாம்பிள் எடுக்கும் விதத்தில்தான் பலருக்கும் தவறு நடக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள், டெட்டால் வேண்டாம். பெண்கள் யோனி இதழ்களை ஒரு கையால் விலக்கிப் பிடித்தபடி முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். ஓட்டத்தை நிறுத்தாமல் நடுவில் டப்பாவை நீட்டி 20, 30 மில்லி பிடித்தால் போதும். டப்பா லேப் கொடுத்த, சீல் பிரிக்காத டப்பாவாக இருக்கட்டும். வீட்டில் கழுவிக் காயவைத்த டானிக் பாட்டில் உதவாது. மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ரிப்போர்ட்டில் ‘மிக்ஸட் குரோத்’ (பல கிருமிகள் கலந்து வளர்ந்தது) என்றும், எபிதீலியல் செல்கள் (மேல்தோல் செல்கள்) நிறைய இருப்பதாகவும் வந்தால் பெரும்பாலும் அது தோலில் இருந்து கலந்தது. அதை நம்பி மருந்து எடுக்காமல் மறுபடி கொடுங்கள்.

முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். எரிச்சல் தாங்காவிட்டால் சாம்பிள் கொடுத்த கையோடு டாக்டர் மருந்தைத் தொடங்கலாம். ரிப்போர்ட் வந்ததும் தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். எல்லா கல்ச்சர் ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். மருந்து முடித்த இரண்டு வாரத்துக்குள் அதே கிருமி திரும்ப வந்தால், உள்ளே கல்லோ தேங்கிய சிறுநீரோ அதற்குத் தங்க இடம் கொடுக்கிறது என்று சந்தேகித்து ஸ்கேன் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிருமி என்றால் புதிதாக ஏறுகிறது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கேள்வி: மாஸ்டர் செக்கப்பில் யூரின் கல்ச்சரில் ஈ.கோலை என்ற குடல் கிருமி 1 லட்சத்துக்கு மேல் என்று வந்தது. எனக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவுமே இல்லை. ஏழு நாள் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடட்டுமா?

தொந்தரவு எதுவும் இல்லையென்றால் வேண்டாம். இதை மருத்துவரிடமே நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ள பெண்கள் பலருக்குச் சிறுநீரில் கிருமி சும்மா இருக்கும். அதைக் கொன்றால் நன்மை இல்லை, எதற்கும் அசையாத கிருமி அந்த இடத்துக்கு வரவே வாய்ப்பு அதிகம். பஸ் செல்கள் (சீழ் செல்கள்) கூடுதலாக இருப்பதும் தனியாக ஒரு காரணமாகாது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதைக்குள் கருவி விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் மட்டும் விதிவிலக்கு. தொந்தரவில்லாமல் கல்ச்சர் கொடுப்பதையே தவிர்க்கலாம்.

கேள்வி: டபாக்ளிஃப்ளோசின் தொடங்கி இரண்டு மாதம். அரிப்பும் எரிச்சலும் இருக்கிறது. யூரின் சர்க்கரை 4 பிளஸ். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

4 பிளஸ்ஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான் இந்த மாத்திரையின் வேலை. ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

எரிச்சல் எங்கே என்று கவனியுங்கள். வெளியே அரிப்பு, சிவப்பு, தயிர்த்திப்பி போல வெள்ளை, சிறுநீர் தோலில் படும்போது மட்டும் காந்தல் என்றால் அது பூஞ்சைத் தொற்று. இந்த மாத்திரையால் அதிகம் வருவது இதுதான். ஆண்களுக்கு முன்தோல் வெடித்து, பின்னுக்கு இழுக்க முடியாமல் போகும். இதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். ஆன்டிபயாட்டிக் போட்டால் இன்னும் கூடும். உள்ளே, சிறுநீர் முடியும் தறுவாயில் சுருக்கென்று வலி, அடிவயிற்றில் கனம், கால் மணிக்கொரு தரம் அவசரம் என்றால் அதுதான் சிறுநீர்ப்பைத் தொற்று. டபாக்ளிஃப்ளோசினால் இது அதிகமாவதாகப் பெரிய ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, காய்ந்த பருத்தி உள்ளாடை போடுங்கள். மறுபடி வராமல் தடுக்க இது உதவும். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ எழுதிய மாத்திரையாக இருந்தால் தானாக நிறுத்தாதீர்கள். ஆனால் காய்ச்சல், வாந்தி, சாப்பிட முடியாத நாட்களில் நிறுத்திவைத்து டாக்டருக்குச் சொல்லுங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையே வலி, வீக்கம், கூடவே காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது திசு அழுகும் நோயாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் மணிக்கணக்கில் பரவும்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, தண்ணீரும் குடிக்கிறார். ஆனாலும் இரண்டு மாதத்துக்கொரு முறை வருகிறது.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனியின் தோல் மெலிந்து வறண்டுவிடும். அங்கே காவல் இருந்த லாக்டோபேசிலஸ் என்ற நல்ல கிருமி போய், மலக்குடல் கிருமிகள் குடியேறும். இதற்கு நல்ல வைத்தியம் இருந்தும் கேட்க வெட்கப்பட்டே பலர் வருடக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறார்கள். அது வருத்தமான விஷயம். யோனியில் தடவும் எஸ்ட்ரியால் கிரீமைப் பொதுவாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், அதன்பின் வாரம் இரண்டு முறை போடச் சொல்வார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து நாளில் ‘கேட்கவில்லை’ என்று விடக்கூடாது. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலப்பதால் சர்க்கரை ஏறும் என்ற பயம் வேண்டாம். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் அதற்குச் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

கேள்வி: வயது 67, ஆண். 18 வருடச் சர்க்கரை. சிறுநீர் மெல்லிசாக வருகிறது, முடித்தாலும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது. இந்த வருடம் மூன்று முறை தொற்று.

உங்களுக்குத் தேங்குவதுதான் பிரச்சினையாக இருக்க வேண்டும். புராஸ்டேட் வீங்கி வழியை அடைக்கலாம். நீண்ட காலச் சர்க்கரையால் சிறுநீர்ப்பையின் நரம்பு மரத்து, நிறைந்தது தெரியாமலும் போகலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கும். ஸ்கேனில் ‘போஸ்ட் வாய்ட் ரெசிடியூ’, அதாவது கழித்தபின் மிஞ்சும் அளவு, பார்க்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்கு மேல் தொடர்ந்து மிஞ்சினால் யூராலஜிஸ்டை (சிறுநீர்ப்பாதை அறுவை நிபுணரை) பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஸ்கேனுக்காக இரண்டு லிட்டர் குடித்துவிட்டு முட்ட முட்ட அடக்கிக் காத்திருந்தால், நன்றாக வேலை செய்யும் பைகூட முழுதாகக் காலியாகாது, அளவு பொய்யாக ஏறும். சாதாரணமாக வரும் உணர்வில் போய்விட்டு அளக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் பகலில் மூன்று மணிக்கொரு தரம் போங்கள். முடித்ததும் எழுந்து வந்துவிடாமல் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, முன்னால் சாய்ந்து மறுபடி முயலுங்கள். மலச்சிக்கலைச் சேரவிடாதீர்கள். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகளும், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் சிறுநீரைக் கட்டிவிடும். அவற்றை எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆண்களுக்கு மூன்று நாள் மருந்து போதாது; புராஸ்டேட்டில் கிருமி பதிந்திருந்தால் நான்கு வாரம் வரைகூடத் தேவைப்படும்.

கேள்வி: பார்லித் தண்ணீர், இளநீர், கிரான்பெர்ரி, மருந்துக்கடை சிட்ரேட் சிரப். எது நல்லது?

வெறும் தண்ணீர். குறைவாகக் குடித்து வந்த, மற்றபடி ஆரோக்கியமான, மாதவிடாய் நிற்காத பெண்களில், நாளுக்கு 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரி 1.7 முறையும், வழக்கம்போலவே குடித்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது என்று 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அளவை டாக்டரே சொல்ல வேண்டும். இளநீரில் சர்க்கரையும் பொட்டாசியமும் உண்டு. கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) ஏறியவர்கள் தொடவே கூடாது. பார்லி வடிகஞ்சியும் கஞ்சிதான், கணக்கில் சேருங்கள். கிரான்பெர்ரி சில பெண்களுக்கு உதவுகிறது, ஆனால் இனிப்புச் சாறு வேண்டாம், மாத்திரை போதும். டி-மேனோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொடிக்குச் செலவழிக்காதீர்கள்; 2024இல் வந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. சிட்ரேட் சிரப் எரிச்சலைத் தணிக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. சர்க்கரை சேர்க்காததா என்று லேபிளைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரையோ மெத்தனமைன் மாத்திரையோ எடுக்கும்போது அந்தச் சிரப் வேண்டாம். அந்த மருந்துகள் அமிலச் சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: நைட்ரோஃபியூரன்டாயின் தினம் ஒன்று ஆறு மாதம் போடச் சொன்னார்கள். பாதுகாப்பானதா?

சிறுநீர் பழுப்பாகப் போவது சாதாரணம். சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். ஆனால் நாள்பட எடுக்கும்போது வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கால் மரத்துப்போவது கூடினாலும் அப்படியே. இதைச் சர்க்கரையின் வேலை என்று எண்ணி விட்டுவிடுவார்கள், கவனமாக இருங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இந்த மருந்து சிறுநீருக்குள் போதுமான அளவு போகாது. தொடங்குமுன் இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: லீவோஃப்ளாக்சசின் போட்ட மூன்றாம் நாள் இரவு சர்க்கரை 52க்கு இறங்கி வியர்த்துக் கொட்டியது. கிளிமிபிரைடும் எடுக்கிறேன். தொடர்பு உண்டா?

உண்டு. இந்த வகை ஆன்டிபயாட்டிக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடோடு சேர்ந்தால் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கேட்டிஃப்ளாக்சசின் மாத்திரை ரத்தச் சர்க்கரையைத் தாறுமாறாக்கியதால் 2011இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கோட்ரைமாக்சசோல் என்ற வேறு ஆன்டிபயாட்டிக்குக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு. இனி எந்த ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் உங்கள் சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். 70க்குக் கீழ் போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறியதும் சாதமோ இட்லியோ சாப்பிடுங்கள். கிளிமிபிரைடின் தாக்கம் நீளும், மறுபடி இறங்கலாம். அதனால் அன்று தனியாகத் தூங்க வேண்டாம்.

கேள்வி: மாமியாருக்கு 71 வயது. நேற்று இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இன்று வாந்தி, கொஞ்சம் குழப்பமாகப் பேசுகிறார். சர்க்கரை 380. சிறுநீரில் எரிச்சல் இல்லை என்கிறார். காலை வரை பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம், இப்போதே அழைத்துச் செல்லுங்கள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். வயதான சர்க்கரை நோயாளிகளுக்கு எரிச்சலே இல்லாமல், குழப்பமும் வாந்தியும் மட்டும்கூட அடையாளமாக இருக்கும். கல் அடைத்துச் சீழ் தேங்கினாலும், சர்க்கரை நோயாளிகளுக்கே பெரும்பாலும் வரும் வாயு உண்டாக்கும் தொற்றானாலும் மாத்திரை போதாது. ஸ்கேன் எடுத்து, தேவையானால் குழாய் வைத்துச் சீழை இறக்க வேண்டியிருக்கும். சாப்பிடவில்லை என்று இன்சுலினை முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு போடுவது என்று கேட்டுப் போடுங்கள். மெட்ஃபார்மினும் டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையும் இன்று கொடுக்க வேண்டாம். கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) பார்க்கச் சொல்லுங்கள். டபாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 200க்குள் இருக்கும்போதே கீட்டோன் ஏறலாம். கிளம்பும்போது மாத்திரை டப்பா, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் ரிசல்ட், பழைய கல்ச்சர் ரிப்போர்ட் ஃபைல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு டூட்டி டாக்டர் எந்த ஊசியில் தொடங்குவது என்று முடிவுசெய்ய அந்த ஃபைல்தான் உதவும்.