கோழி இல்லாமல் சால்னா கூடுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் புரோட்டாவும் கோழிச் சால்னாவும்தான். புதிதாக வந்திருக்கும் மருமகள் சுத்த சைவம். வெங்காயம், பூண்டு, காளான் எல்லாம் சாப்பிடுவாள். அவளுக்காகக் கோழி போடாமல் அதே சால்னாவை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஒருபக்கம், மசாலா ஒருபக்கம் நிற்கிறது. பச்சை வாசனையும் போகவில்லை. கடையில் விற்கும் சூப் க்யூப் ஒன்று போட்டால் சரியாகும் என்கிறாள் என் தங்கை. அது சைவமா? அஜினமோட்டோ சைவமா? எல்லோரும் ஒரே குழம்பைச் சாப்பிட வழி உண்டா? அடுத்த மாதம் மகனும் மருமகளும் துபாய் போகிறார்கள். மசாலா அரைத்துக் கொடுத்தனுப்பவும் ஆசை.
– வாசகி, விருதுநகர்

பதில்: எண்ணெய்ப் புரோட்டாவுக்குப் பேர்போன ஊரிலிருந்து சால்னாவுக்குப் பக்குவம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. கோழிச் சால்னாவிலிருந்து கோழியை மட்டும் கழித்தால் மிஞ்சுவது மசாலாத் தண்ணீர்தான். அந்தச் சட்டியில் கோழி என்னென்ன வேலை பார்த்தது என்று தெரிந்தால், ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள் போடலாம்.

எலும்பும் தோலும் வேகும்போது அவற்றிலிருக்கும் பசைச்சத்து கரைந்து இறங்கும். கோழிக்குழம்பை ஃபிரிட்ஜில் வைத்தால் கூழ்போல உறைகிறதே, அதற்குக் காரணம் அதுதான். குழம்புக்கு உடம்பு கொடுப்பதும் தண்ணீரையும் மசாலாவையும் பிரியவிடாமல் பிடித்துவைப்பதும் அந்தப் பசைதான். அடுத்தது கொழுப்பு: மிளகாயின் நிறமும் பட்டை, சோம்பின் மணமும் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. பிறகு கறிச்சாற்றின் ருசி. நான்காவது ஒன்று உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது நேரம். கோழி வேக இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதற்குள் மசாலாவும் தானாகவே வெந்துவிடும். கோழி இல்லை என்றதும் 'வேக என்ன இருக்கிறது' என்று ஐந்தே நிமிடத்தில் இறக்கிவிடுகிறோம். உங்கள் பச்சை வாசனைக்கு அநேகமாக இதுதான் காரணம்.

எலும்புத் தண்ணீருக்குப் பதில் கறுப்புக் கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டல் செய்யும் நாளில் ரசத்துக்கு ஊற்றுவோமே, அதே தண்ணீர். பழுப்பு நிறமும் வழவழப்பும் அதற்கு இயல்பாகவே உண்டு. ஐந்து பேருக்குச் சுமார் ஒரு லிட்டர் சால்னா வேண்டுமானால் 100 கிராம் கடலையை எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதில் வேகவைத்தால் ஒரு துவர்ப்பு வரும், சிலருக்கு வயிறும் உப்பும். புதிதாக 4 கப் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு சேர்த்துக் குக்கரில் ஆறேழு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கட்டும். வடிகட்டினால் ஏறக்குறைய 3 கப் கிடைக்கும். இங்கே கப் என்பது 200 மில்லி. வெந்த கடலையில் இரண்டு டேபிள்ஸ்பூனை அரைக்க எடுத்துவைத்துவிட்டு, மீதியைக் கடைசியில் சால்னாவிலேயே போட்டுவிடலாம். மருமகளின் தட்டில் கோழிக்கு ஈடாகக் கொஞ்சம் புரதமும் சேரும்.

ருசிக்கு வெங்காயம், தக்காளி, காளான் மூன்றும் வேண்டும். 150 கிராம் மொட்டுக் காளானை ஈரத்துணியால் துடைத்து மெல்லியதாக நறுக்குங்கள். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. நன்றாகக் காய்ந்த வாணலியில் எண்ணெயும் உப்பும் இல்லாமல் போட்டால் முதலில் தண்ணீர் விடும். அது முழுக்கச் சுண்டிய பிறகு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, ஓரம் சிவக்கும்வரை பெரிய தீயில் புரட்டுங்கள். எட்டு நிமிடம் பிடிக்கும். வாணலியில் குவித்துப் போட்டால் காளான் தன் தண்ணீரிலேயே வெந்து ரப்பராகிவிடும், சிவக்காது. உலர்ந்த ஷிடாகே காளான் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டை ஒரு கப் வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் வடிகட்டிச் சேருங்கள். அந்த அளவுக்குக் கடலைத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். உலர்காளானில் உள்ள குவானிலேட், தக்காளியில் உள்ள குளுட்டமேட் என்ற இரண்டு ருசிப்பொருள்களும் சேரும்போது, தனித்தனியாக இருப்பதைவிட ருசி பலமடங்கு கூடும். கறிக்குழம்பில் நாக்கு தேடுவது அந்த ருசியைத்தான்.

இனி தாளிப்பு. அகலமான அடிகனத்த பாத்திரத்தில் 5 டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய். அதிகம் என்று தோன்றும். ஆனால் கோழிக் கொழுப்புக்கும் சேர்த்து இது ஈடுகட்ட வேண்டும். எண்ணெயில் கஞ்சத்தனம் பிடித்தால் குருமா வரும், சால்னா வராது. இரண்டு அங்குலப் பட்டை, 4 கிராம்பு, 2 ஏலக்காய், ஓர் அன்னாசிப்பூ, ஒரு பிரிஞ்சி இலை, அரை டீஸ்பூன் சோம்பு, கட்டைவிரல் நகமளவு கல்பாசி. கல்பாசி கூடினால் கசக்கும், கவனம். சோம்பு பொரிந்ததும் நீளவாக்கில் நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம், உரித்த சின்ன வெங்காயம் 100 கிராம், கால் டீஸ்பூன் உப்பு. நடுத்தரத் தீயில் 12 முதல் 15 நிமிடம். 'பொன்னிறம்' என்று சமையல் குறிப்புகளில் எழுதியிருக்கும். சால்னாவுக்கு அதையும் தாண்டி, ஓரமெல்லாம் பழுப்பேற வேண்டும். அடிப்பிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். சட்டியில் ஒட்டிய அந்தப் பழுப்பில்தான் ருசி இருக்கிறது, வீணாக்கக் கூடாது.

பிறகு ஓர் அங்குல இஞ்சி, பத்துப் பல் பூண்டு அரைத்த விழுது. பாக்கெட் விழுது வேண்டாம், அதிலிருக்கும் புளிப்பு சால்னாவுக்குச் சேராது. இரண்டு நிமிடம் கழித்து ஒரு கைப்பிடி புதினா, மல்லித்தழை, கீறிய பச்சைமிளகாய் இரண்டு. ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டேபிள்ஸ்பூன் மல்லித்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் மூன்றையும் கால் கப் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். தூளை அப்படியே சூடான எண்ணெயில் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கருகும், கசப்பு ஏறும். குழைத்து ஊற்றினால் அந்தத் தண்ணீர் சுண்டும்வரை தூளுக்கு வதங்க நேரம் கிடைக்கிறது. ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசிந்த பிறகே அடுத்த வேலை.

தக்காளி 250 கிராம், நறுக்கிப் போட்டு, கூழாகி மறுபடி எண்ணெய் கக்கும்வரை வதக்குங்கள். அடுப்பை அணைத்து, இந்த மசாலாவில் பாதியை எடுத்து, ஆறிய பின், வதக்கிய காளானில் பாதியோடு நைசாக அரைத்துத் திரும்பச் சேருங்கள். கடலைத் தண்ணீர் முழுவதையும் ஊற்றி, மூடிவைத்துச் சிறுதீயில் இருபது நிமிடம். கோழி வேகிற நேரம் இது, குறைக்காதீர்கள். அவசரமென்றால் குக்கரில் இரண்டு விசில்.

தேங்காய் அதற்குப் பிறகுதான். துருவியது முக்கால் கப், பொட்டுக்கடலை ஒரு டேபிள்ஸ்பூன், முந்திரி ஆறு, சோம்பு ஒரு டீஸ்பூன், கால்மணி வெந்நீரில் ஊறிய கசகசா ஒரு டீஸ்பூன், எடுத்துவைத்த கொண்டைக்கடலை. எல்லாவற்றையும் சந்தனம்போல அரைக்க வேண்டும். விழுது கொரகொரப்பாக இருந்தால் சால்னா திரிந்த மாதிரி தெரியும்; நீங்கள் சொல்லும் 'தண்ணீர் தனி, மசாலா தனி' பாதி இதனாலும் வந்திருக்கலாம். விழுதை ஊற்றிய பிறகு அடிக்கடி துழாவ வேண்டும், பொட்டுக்கடலை அடியில் பிடிக்கும். எட்டு முதல் பத்து நிமிடத்தில் மேலே எண்ணெய் மிதக்கும், மீதிக் காளானையும் கடலையையும் போட்டு இறக்குங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள், கடலைத் தண்ணீரிலேயே கொஞ்சம் இருக்கிறது.

சால்னா பிய்த்துப் போட்ட புரோட்டாவுக்குள் இறங்க வேண்டும், மேலேயே நிற்கக் கூடாது. ஆறினால் இறுகும் என்பதால் இறக்கும்போது நீர்க்கவே இருக்கட்டும். பிறகு இளக்குவதென்றால் கொதிக்கும் வெந்நீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ருசி சப்பென்றாகிவிடும்.

காளானுக்குப் பதில் மீல்மேக்கர் போடுபவர்கள் உண்டு. உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, குளிர்ந்த நீரில் அலசி இரண்டு முறை பிழிந்தால்தான் அதன் வாடை போகும். வெந்த தண்ணீரைச் சால்னாவில் ஊற்றாதீர்கள். இளம் பலாக்காய் கிடைக்கும் காலத்தில் இது இரண்டையும்விட அதுவே மேல்.

எல்லோருக்கும் ஒரே குழம்பு என்ற கேள்விக்கு வருவோம். கோழியோடு வேகவைத்துவிட்டு, துண்டுகளை ஒதுக்கி, குழம்பை மட்டும் மருமகளுக்கு ஊற்றுவது சைவமாகாது. புரோட்டாக் கடைகளில் 'எம்டி சால்னா' என்பதற்கும் கறித்துண்டு இல்லாதது என்றுதான் பொருள், சைவம் என்று பொருளில்லை. வெளியே சாப்பிடும்போது இதை அவளுக்குச் சொல்லிவையுங்கள். வீட்டில் வரிசையை மாற்றினால் போதும். சால்னா முழுவதையும் சைவமாகவே முடியுங்கள். மருமகளுக்கும் சைவம் சாப்பிடும் மற்றவர்களுக்கும் வேண்டியதை முதலில் வேறு பாத்திரத்தில் எடுத்து மூடிவிடுங்கள். அரைக்கிலோ கோழியை மஞ்சள், உப்பு, ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுதோடு தனியாக, அரை கப் தண்ணீரில் வேகவைத்து, மீதிச் சால்னாவில் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கரண்டி இரண்டு இருக்கட்டும். பந்தி பரபரப்பில் கரண்டி மாறிப்போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒன்றின் காம்பில் நூல் கட்டிவிடுங்கள்.

சூப் க்யூப் எல்லாம் ஒரே வகை இல்லை. கோழிச்சாறு கலந்தது உண்டு, காய்கறி மட்டும் உள்ளதும் உண்டு. இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, இப்போது பழுப்பு முக்கோணம். 'சிக்கன் மசாலா' என்று பெயர் போட்ட பொடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கோழிக்குப் போடுகிற மசாலாதான், கோழி கலந்த மசாலா அல்ல. பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். ஆய்ஸ்டர் சாஸ், ஃபிஷ் சாஸ் பெயரிலேயே தெரிந்துவிடும். வூஸ்டர்ஷையர் சாஸ்தான் ஏமாற்றும். அதன் வழக்கமான செய்முறையில் நெத்திலி வகை மீன் உண்டு.

அஜினமோட்டோ சைவம்தான். 1908-இல் ஜப்பானில் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து அந்த ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். இன்று கரும்புப்பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். மேலே சொன்ன பக்குவத்தில் வைத்தால் அதற்கு அவசியம் வராது. போட்டே தீருவதென்றால் ஒரு சிட்டிகை போதும், உப்பையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

துபாய்க்குக் கொடுத்தனுப்பும் மசாலாவில் கசகசா இருக்கவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது. சமையலுக்கு என்றாலும், பொடியோடு கலந்திருந்தாலும் விமான நிலையத்தில் வழக்காகிவிடும். தேங்காயையும் வறுத்துச் சேர்க்க வேண்டாம், சிக்குப் பிடிக்கும். மல்லி 100 கிராம், மிளகாய் வற்றல் 50 கிராம், சோம்பு 20 கிராம், சீரகமும் மிளகும் 10 கிராம் வீதம், பட்டை 5 கிராம், கிராம்பு 3 கிராம், ஏலக்காய் 3 கிராம், அன்னாசிப்பூ இரண்டு, கல்பாசி கொஞ்சம். தனித்தனியாகச் சிறுதீயில் வறுத்து, முழுக்க ஆறிய பிறகு அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத பாக்கெட்டில் அடையுங்கள். சூட்டோடு அரைத்தால் உள்ளே ஈரம் கோத்துக் கட்டி விழும். ஒரு லிட்டர் சால்னாவுக்கு மிளகாய்த்தூள், மல்லித்தூளுக்குப் பதிலாக இதில் குவியலாக ஒன்றரை டேபிள்ஸ்பூன். கசகசா இல்லாத குறைக்கு முந்திரியை ஆறிலிருந்து பத்தாகக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அங்குள்ள கடைகளில் எல்லாப் பாக்கெட்டிலும் பச்சைப் புள்ளி இருக்காது, பின்பக்கம் உள்ள பொருள்பட்டியலைத்தான் வாசிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் என்றால் தேங்காய் ஊற்றுவதற்கு முந்தைய நிலையிலேயே சால்னாவை எடுத்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம், ஒரு மாதம் தாங்கும். தேங்காயைச் சாப்பிடும் அன்றைக்கு அரைத்து ஊற்றினால் போதும்.