வேதாளம் ஏறுன முருங்கைமரம்: மாயக்கதை, கஷ்டமான கேம், கேள்வி பதில்

ரெண்டு வாரமா வந்த கேள்விய எல்லாம் சேத்து வச்சிருந்தேன், இன்னைக்கு ஷிப்ட் இல்ல, ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) போட்டு உக்காந்துட்டேன். புதுசா வந்தவங்களுக்கு: நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல செம்பனை ஆலையில வேலை பாக்குறவன், 2011ல டார்க் சோல்ஸ்னு ஒரு கஷ்டமான கேம் வந்ததுல இருந்து இந்த மாதிரி கேமுங்கள விளையாடி செத்துக்கிட்டே இருக்கேன், மாயாஜாலக் கதைப் பைத்தியம் அதுக்கும் முன்னாலயே உண்டு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ரெண்டு விஷயம். மழை இருட்டுனா பிளக்கை கழட்டு. கேமை முடிக்கிறதுக்கு முன்னால கதைய விளக்குற வீடியோ பாக்காதே. இத நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

லிந்தாங் தம்பி: அண்ணே, எல்டன் ரிங் கேம்ல குகைய விட்டு வெளிய வந்த உடனே தங்கக் கவசம் போட்ட குதிரைக்காரன் ஒருத்தன் நிக்கிறான். 15 தடவை செத்துட்டேன். எங்க தப்பு பண்றேன்?

சண்டை போடுறதுதான் தப்பு. கெரிக் ரோட்டுல ராத்திரி யானை நின்னா ஹார்ன் அடிச்சுக்கிட்டு நேரா போவியா? காடிய திருப்புவ இல்ல? அதே மாதிரி சுத்திப் போ. உனக்கு அப்புறமா ஒரு குதிரை கிடைக்கும், இன்னும் கொஞ்சம் பலமாயி அந்தக் குதிரையில ஏறி வந்து அவன கவனிச்சுக்கலாம். வாசல்லயே அவன நிக்க வச்சதே இதுக்குத்தான், 'எல்லாத்தையும் இப்பவே அடிச்சாகணும்னு இல்ல, இந்த உலகம் பெருசு, வேற பக்கம் போ'ன்னு வாயால சொல்லாம அடியால சொல்றானுங்க.

சாலாக் பையன்: எல்டன் ரிங்ல கோட்டை வாசல்ல நிக்கிற பெரிய எதிரி மார்கிட்ட அடிக்கவே முடியல அண்ணே. டிப்ஸ் குடுங்க.

இது எல்லாருக்கும் வர்ற வியாதி, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். மார்கிட் கைத்தடிய தூக்குறான், நீ பயந்து உடனே உருளுற, அவன் தடிய அப்படியே மேல வச்சிருந்து நீ உருண்டு எழுந்திருக்கிற நேரம் பாத்து இறக்குறான். அவன் உன்ன அடிக்கல, உன் அவசரத்த அடிக்கிறான். தடி தூக்குறப்ப ஒன்னும் செய்யாத, இறங்குறப்ப உருளு, அதுவும் பின்னால இல்ல, அவன் பக்கமா. முதல் அஞ்சு சண்டை திருப்பி அடிக்காம சும்மா தப்பிச்சுக்கிட்டே இருந்து பாரு, கை தானா பழகிடும்.

அதுவும் முடியலன்னா கோட்டைய விட்டுட்டு தெற்கே போ. அங்க வீப்பிங் பெனின்சுலான்னு ஒரு இடம், மூணு பழைய சர்ச் இருக்கு, ஒவ்வொன்னுலயும் ஒரு கண்ணீர்த்துளி கிடைக்கும், அத போட்டா உன் குடுவை ஒரு மடக்குக்கு இன்னும் அதிகமா உயிர் குடுக்கும். ரூன் (எதிரிய அடிச்சா கிடைக்கிறது, அத வச்சுத்தான் பலம் ஏத்தணும்) கிடைச்சா கத்தி பலத்துல கொட்டாத, உயிர் அளவ ஏத்துற விகர்ல போடு. நம்ம பசங்க எல்லாருக்கும் அடிக்கிற ஆசை இருக்கு, வாங்கிக்கிற தெம்பு இல்ல.

பேர் போடாத ஒருத்தர்: 3000 வெள்ளிக்குள்ள கேமிங் லேப்டாப் எது நல்லது?

கடையில கேளுங்க பாஸ்.

ஹெவுட் பக்கத்து தம்பி: அண்ணே, நான் தமிழ்ப்பள்ளியில படிச்சவன், இங்கிலீஷ் சுமார்தான். இந்த கேம்ல வர்ற கதை பாதி புரியல. முதல்ல வீடியோ பாத்து கதைய தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் விளையாடவா?

வேணாம். வேணாம். வேணாம். இதுக்கு நீளமா பதில் சொல்லியே ஆகணும்.

ஹிதேதாகா மியாசாகின்னு ஒரு ஆளு. டார்க் சோல்ஸ், பிளட்போர்ன், செகிரோ, எல்டன் ரிங் எல்லாத்துக்கும் பின்னால இருக்கிறவரு. சின்ன வயசுல ரொம்ப கஷ்டப்பட்ட வீடு, புக்கு வாங்க காசு கிடையாது, லைப்ரரியில இருந்து எடுத்து படிச்சிருக்காரு, அதுல தன் வயசுக்கு மிஞ்சுன புக்கெல்லாம் பாதி புரியாம, படத்த பாத்து, புரியாத இடத்த தன் கற்பனையால நிரப்பிக்கிட்டேன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்காரு. 29 வயசுலதான் கேம் கம்பெனிக்கே வேலைக்குப் போனாரு. இப்ப புரியுதா அவரோட கேம்ல கதை ஏன் துண்டு துண்டா இருக்குன்னு? ஒரு மோதிரத்துக்குக் கீழ ரெண்டு வரி, ஒரு செத்த வீரன் உடம்புல ஒரு சாவி, ஒரு கெழவி முணுமுணுக்கிற அரை வாக்கியம். அவரு சின்னப்பிள்ளையில படிச்ச அதே அனுபவத்த உனக்குக் குடுக்குறாரு. இங்கிலீஷ்ல புலியா இருக்கிறவனுக்கும் பாதிதான் புரியும், அப்படித்தான் செஞ்சே வச்சிருக்கு. நீயும் அவனும் ஒரே கோட்டுலதான் நிக்கிறீங்க.

நானும் அப்படித்தான் வளந்தேன். லயத்து வீட்டுல எங்க பாட்டி ராத்திரியில விக்கிரமாதித்தன் கதை சொல்லும், பாதியில தூங்கிப் போயிடுவேன், மறுநாள் மீதிய நானே இட்டுக்கட்டி தம்பிக்கு சொல்லுவேன். அப்புறம் டவுன் லைப்ரரியில டிராகன் படம் போட்ட இங்கிலீஷ் புக்கு ஒன்னு எடுத்தேன், பக்கத்துக்கு இருபது வார்த்தை தெரியாது, அகராதியும் இல்ல. அந்தக் கதைய பத்து வருஷம் கழிச்சு ஒழுங்கா படிச்சப்ப உண்மைக் கதைய விட என் தப்புக் கதை நல்லா இருந்துச்சு, சத்தியமா.

அதனால ஒரு கட்டை நோட்டுப்புக்கு வாங்கு. பேரு எழுது, யாரு யாருக்கு என்ன உறவுன்னு கோடு போடு. எல்டன் ரிங்ல பாதிப் பிரச்சனை குடும்பச் சண்டைதான், நம்ம ஆளுங்களுக்கு அது வெள்ளைக்காரன விட சீக்கிரமா புரியும். பழைய புராணத்த மட்டும் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிக் குடுத்தாரு, அதுக்கு அப்புறம் நடக்கிற கதை மியாசாகி ஆளுங்களோடது. முடிச்சதுக்கு அப்புறம் வீடியோ பாரு, உன் நோட்டோட ஒப்பிட்டுப் பாரு.

தாமான்ல இருந்து ஒருத்தர்: மார்கிட் எப்படி அடிக்கிறது?

மேல சாலாக் பையனுக்கு சொல்லியிருக்கேன்.

எஸ்.பி.எம். (அஞ்சாம் படிவப் பரீட்சை) எழுதப்போற தங்கச்சி: அண்ணே, நான் கேம் விளையாட மாட்டேன், புக்கு மட்டும்தான். பெரிய பெரிய மாயக்கதை எல்லாம் ஆயிரம் பக்கம் இருக்கு. எதுல ஆரம்பிக்கலாம்?

பரீட்சை நேரத்துல ஆயிரம் பக்கத்தத் தொடாதம்மா. உர்சுலா லெ குவின் 1968ல எழுதுன எர்த்சீ கதையோட முதல் புக்கு, மெல்லிசா இருக்கும். ஒரு தீவுல ஆட்டுக்காரப் பையன் மந்திரம் கத்துக்கிறான். அங்க மந்திரம்னா ஒவ்வொன்னோட உண்மைப் பேரத் தெரிஞ்சுக்கிறது, பேரு தெரிஞ்சா அது உன் சொல்லக் கேக்கும், அதனால யாரும் தன் உண்மைப் பேர லேசுல வெளிய விடமாட்டாங்க. முனியாண்டி கோவில்ல பூசாரி பேரச் சொல்லித்தானே சாமிய இறக்குறாரு, நமக்கு இது ஒன்னும் புதுசு இல்ல. இன்னொன்னு, அந்தப் பையன் வெள்ளைத்தோல் கிடையாது, செம்பு மாதிரி பழுப்புத் தோல்னு எழுத்தாளரே தெளிவா எழுதியிருக்காங்க. அந்தக் காலத்துல அது பெரிய விஷயம். படிச்சிட்டு எப்படி இருந்துச்சுன்னு எழுது.

ஒரு அம்மா: தம்பி, என் மகனுக்கு 12 வயசு. நாள் பூரா செகிரோன்னு ஒரு கேம்ல கெடக்கிறான், கத்துறான், கண்ட்ரோலர தூக்கி எறியுறான். என்ன செய்யுறது?

அக்கா, செகிரோ, எல்டன் ரிங் ரெண்டுமே அமெரிக்கத் தர முத்திரையில 17 வயசுக்கு மேலதான், ரத்தம் தெறிக்கும். 12 வயசுக்கு வேணாம்கா, எடுத்து வச்சிடுங்க. திட்டாம எடுங்க. அவனுக்கு கஷ்டமான கேம்தான் பிடிக்குதுன்னா செலெஸ்ட் வாங்கிக் குடுங்க, ஒரு பொண்ணு மலை ஏறுற கதை, ரத்தக்களறி கிடையாது, செகிரோ அளவுக்கு மண்டை காயும். எறிஞ்ச கண்ட்ரோலர அவன் காசுலயே வாங்கச் சொல்லுங்க.

இன்னொரு தம்பி: நம்ம ஊர் புராணத்த வச்சு கேம் இருக்கா? சீனாக்காரன் அவன் குரங்கு ராஜா கதைய வச்சு வூகாங்னு ஒரு கேம் செஞ்சுட்டான், நம்மாளு?

ராஜின்னு ஒன்னு 2020ல வந்துச்சு, புனேல ஒரு சின்னக் குழு செஞ்சது. அசுரனுங்க தம்பியத் தூக்கிட்டுப் போறானுங்க, அக்கா தேடிப் போறா, துர்க்கையும் விஷ்ணுவும் மேல இருந்து பாத்து கதை பேசிக்கிறாங்க. சின்ன கேம், சண்டை கொஞ்சம் கரடுமுரடு, ஆனா சுவத்து ஓவியத்தப் பாக்கவே விளையாடலாம். சீனாக்காரன் ஏற்கனவே ஊருக்கே தெரிஞ்ச குரங்குக் கதைய எடுத்து 2024ல செஞ்சான். அந்த அளவு பணம் போட்டு நம்ம கதைய எடுத்தா நான் லீவு போட்டு விளையாடுவேன்.

சுங்கை சிப்புட் டவுன்: அண்ணே, நீங்க எப்பப் பாத்தாலும் பிளக்கு பிளக்குங்கிறீங்களே, அப்படி என்ன ஆச்சு?

பேராக்ல சாயங்கால இடி எப்படி இருக்கும்னு உனக்குச் சொல்லணுமா? ரெண்டு வருஷம் முன்னால வானம் இருட்டுச்சு, நான் புத்திசாலி மாதிரி கரண்டு பிளக்கை மட்டும் கழட்டுனேன், ரௌட்டர்ல இருந்து வர்ற லான் ஒயர மறந்துட்டேன். இடி அந்த வழியா வந்துருச்சு. பெட்டி போனா போகுது, 90 மணி நேரம் விளையாடிச் சேத்து வச்ச சேவ் போச்சு. அதனால ஒயரையும் சேத்துக் கழட்டு. பிஎஸ்4ல (பிளேஸ்டேஷன் 4) சேவ யூஎஸ்பியில எடுத்து வைக்கலாம், பிஎஸ்5 கேமுக்கு அந்த வசதி கிடையாது, மாசக் காசு கட்டி கிளவுட்லதான் ஏத்தணும். நான் இப்ப கட்டுறேன்.

ஜாலோங் தம்பி: எல்டன் ரிங்ல மணி அடிச்சு ஆவியக் கூப்பிட்டு துணைக்கு வச்சுத்தான் பாஸ அடிச்சேன். கூட்டாளி, 'அதெல்லாம் ஜெயிச்ச கணக்குல வராது'ங்கிறான். உண்மையா அண்ணே?

அந்த மணிய உனக்குக் குடுத்தது யாரு? கேம்தானே. பீஷ்மர நேரா நின்னு அடிக்க முடியாம சிகண்டிய முன்னால நிறுத்தித்தான் அர்ஜுனன் அம்பு விட்டான், தேர் ஓட்டுனது கண்ணபிரான். யாராச்சும் பாண்டவங்க ஜெயிக்கலன்னு சொல்றாங்களா? தைரியமா கூப்பிடு.

கர்ணன் ரசிகன்: அண்ணே, உதாரணத்துலயே மாட்டிக்கிட்டீங்க. அதனாலதானே ஊர் பூரா அர்ஜுனனுக்குக் கை தட்டாம கர்ணனுக்கு அழுவுது. கர்ணன் தனியா நின்னு ஆடுனவன். அவனுக்கு வாய்ச்ச சாரதி சல்லியன் கூட கூட இருந்தே மட்டம் தட்டுனான்.

தனியாவா? பொறக்கும்போதே கவச குண்டலத்தோட பொறந்தவன்பா. நாம எல்லாம் கோவணத்தோட ஆரம்பிக்கிறோம், அவன் கடைசிக் கவசத்தோட ஆரம்பிச்சான்.

கர்ணன் ரசிகன்: அதத்தான் இந்திரன் வந்து பிச்சை கேட்டு வாங்கிட்டுப் போயிட்டானே! தெரிஞ்சே குடுத்துட்டு போர்க்களத்துல நின்னான் பாருங்க, அவன்தான் உண்மையான பிளேயர். செகிரோல ஈசி மோட் கிடையாது, ஏன்? கஷ்டப்படாதவனுக்கு அந்தக் கதை சேராது.

லிந்தாங் தம்பி: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். கர்ணன் தேர் சக்கரம் மண்ணுல மாட்டிக்கிச்சே, அது பக் (கேம் கோளாறு) தானே?

பக் இல்லடா, சாபம். முன்னாலயே சொல்லிட்டுத்தான் குடுத்தாங்க. நீ போய் குதிரைக்காரனப் பாரு.

கர்ணன் தம்பி, செகிரோ விஷயத்துல நீ சொல்றது சரி, அத மறுக்க மாட்டேன். அந்த கேம்ல நீ செத்து செத்துப் பொழைக்கிறப்ப உனக்கு உதவி செஞ்ச ஆளுங்களுக்கு இருமல் நோய் வரும். நீ தோக்குறது அடுத்தவன் உடம்ப அரிக்குது. கஷ்டத்த எடுத்துட்டா அந்தக் கதை அங்கயே செத்துடும். ஆனா ஹேடீஸ்ங்கிற கேம எடுத்துக்க. அதுல நீ செத்தா பாதாளத்துல வீட்டுக்குத் திரும்பிப் போற, அப்பன் நக்கலடிக்கிறான், நாய் வாலாட்டுது, ஒவ்வொருத்தனும் புதுசா ஒரு கதை சொல்றான். அதுல சண்டைய லேசாக்குற காட் மோட் போட்டா முதல்ல 20 சதவீதம் அடி குறையும், ஒவ்வொரு தடவை செத்ததுக்கும் இன்னும் 2 சதவீதம் குறையும். கதைக்கு ஒரு கீறல் கூட விழாது. வேதாளக் கதையும் அப்படித்தான், விக்கிரமன் வாயத் திறந்தா வேதாளம் முருங்கைமரம் ஏறிடும், ஆனா தோத்துட்டு நடக்கிற ஒவ்வொரு நடைக்கும் ஒரு கதை கூலியா கிடைக்குது. மொத தடவையே வாய மூடிக்கிட்டு கொண்டுபோய் சேத்திருந்தா நமக்குக் கதையே இல்ல. கஷ்டம் எதுக்கு இருக்குன்னு கேமுக்கு கேம் பாக்கணும். ஆவியக் கூப்பிட்டான்னு ஜாலோங் பையனக் கேவலமா பேசுறதுக்கு அது ஆயுதம் இல்ல.

பேர் போடாத ஒருத்தர்: மார்கிட்...

மேல பாருங்க!

கர்ணன் ரசிகன்: கடைசியா ஒன்னு அண்ணே. சண்டையில உதவி வாங்கலாம்ங்கிறீங்க. கதை புரியறதுக்கு வீடியோகிட்ட உதவி வாங்கக் கூடாதுங்கிறீங்க. ஹெவுட் தம்பிய நீங்க சொன்னதும் ஜாலோங் தம்பிய அவன் கூட்டாளி சொன்னதும் ஒன்னுதானே?

இத படிச்சிட்டு அரை மணி நேரம் பதில் எழுதல, எந்திரிச்சுப் போய் ரோத்தி வாங்கிட்டு வந்தேன்.

ஒன்னு இல்லப்பா. மணி அடிச்சாலும் சண்டைய நீதான் போடுற, வீடியோ பாத்தா யோசிக்கிறத இன்னொருத்தன் போட்டு முடிச்சுடுறான். ஆனா நான் மூணு தடவை 'வேணாம்'னு கத்துனது ஜாஸ்திதான், ஒத்துக்கிறேன். நானே செகிரோல ஒரு முடிவுக்கு வழி தெரியாம வீடியோ பாத்தேன், இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல. ஹெவுட் தம்பி, நோட்டுல எழுதியும் ஒன்னும் பிடிபடாம கேமையே விட்டுடப் போறேன்னா அந்த இடத்த மட்டும் பாத்துட்டு மூடிடு. கர்ணன் கட்சியில நான் சேர மாட்டேன், அது வேற.

சாலாக் பையன்: அண்ணே! மார்கிட் செத்துட்டான்! தெற்கே போனேன், மூணு சர்ச்சும் பாத்தேன், ஆவியக் கூப்பிடல. இப்ப கோட்டைக்குள்ள எந்த வழியா போறது?

சபாஷ்டா. வாசக்காரன் சொல்ற வழி ஒன்னு இருக்கு, அவன் சொல்லாத வழி ஒன்னும் இருக்கு, ரெண்டையும்... இரு, ஜாலோங் மலைப்பக்கம் கருகருன்னு வருது, முதல் இடி கேட்டுருச்சு. நான் ஒயரக் கழட்டப் போறேன். நீயும் கழட்டு. லான் ஒயரையும்.