செல் அவர்களுடையது, முறை யாருடையது?

கேள்வி: நான் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆய்வு மாணவி. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அனுப்பிய ஐ.பி.எஸ். செல்களிலிருந்து (கருவைத் தொடாமல், சாதாரண உடல் செல்லை மாற்றி உருவாக்கும் ஸ்டெம் செல்கள்) இதயத் தசை செல்களை வளர்க்கப் புது முறை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம். மாநாட்டில் போஸ்டர் வைத்துவிட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாமா? அறிவியலை விலை பேசுவதே தப்பு என்கிறாள் தோழி.

பதில்: முதலில் விண்ணப்பம், அப்புறம் போஸ்டர். முன்பே வெளியிட்டால் புதியது அல்ல என்று காப்புரிமை மறுக்கப்படலாம். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் அமெரிக்காவும் ஜப்பானும் ஓராண்டு அவகாசம் தருகின்றன. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. மாநாட்டுச் சுருக்கம் இணையத்தில் எந்தத் தேதியில் வெளியாகும் என்றும் பாருங்கள்; அதுவும் வெளியீடுதான். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

அதற்கும் முன்னால், செல்கள் வந்தபோது கையெழுத்தான எம்.டி.ஏ. ஒப்பந்தத்தை (ஆய்வுப் பொருளை எந்த நிபந்தனையில் தருகிறார்கள் என்பதற்கான ஒப்பந்தம்) தேடிப் படியுங்கள். செல் கொடுத்ததால் மட்டும் அவர்கள் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். யோசனையில் பங்கு இருக்க வேண்டும். ஆனால் 'ஆய்வுக்கு மட்டும்' என்றோ, கண்டுபிடிப்பில் உரிமை வேண்டும் என்றோ ஒரு வரி இருந்தால், காப்புரிமை வாங்கியும் விற்க முடியாமல் நிற்பீர்கள்.

தோழியின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1998-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கரு ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் கிடைத்த காப்புரிமை, முறையோடு நிற்காமல் செல்களையே வளைத்துக்கொண்டது. யார் ஆய்வு செய்தாலும் விஸ்கான்சின் வாசலில் நிற்க வேண்டிய நிலை. 2006-ல் பொதுநல அமைப்புகள் எதிர்த்து மனுச் செய்தன. மறு ஆண்டே விஸ்கான்சின் தரப்பினர் கல்வி நிறுவனங்களுக்கான நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமோ, கருவை அழிக்காமல் செய்ய முடியாத முறை என்று 2008-ல் நிராகரித்தே விட்டது. உங்களுடையது ஐ.பி.எஸ். என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆனாலும் காப்புரிமை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் விட்டுவைத்தால், இதை மெருகேற்றி வேறொருவர் வேலி போட்டுக்கொள்வார். ஐ.பி.எஸ். செல்களை முதலில் உருவாக்கிய ஜப்பானிய விஞ்ஞானி யமனாகாவின் முறைக்குக் கியோட்டோ பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியதே யாரும் ஏகபோகமாக்கிவிடக் கூடாது என்றுதான். லாப நோக்கற்ற ஆய்வுக்கு இலவசம், நிறுவனங்களுக்குக் கட்டணம்.

உங்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவிடம் இதே ஏற்பாட்டைக் கேளுங்கள். ஒரே கம்பெனிக்கு முழு உரிமை தர அவர்கள் விரும்பினால், ஒரு குறிப்பிட்ட சிகிச்சைக்கு மட்டும், அதுவும் வேலையைத் தொடங்காவிட்டால் திரும்பப் பெறும் நிபந்தனையோடு கொடுக்கச் சொல்லுங்கள்.