காற்று அட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, நானும் நான்கு நண்பர்களும் விண்கப்பலில் உலகம் உலகமாகச் சுற்றும் 'டிராவலர்' விளையாட்டை ஆடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். நடுவர் பொறுப்பு என்னுடையது. விதிநூலை மட்டும் வாங்கினோம். விண்மீன் வரைபடங்களையும் கப்பல் தளப்படங்களையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் எல்லாவற்றையும் நானே செய்துகொள்ள எண்ணி, முதலில் ஒரு முழு செக்டரை, அதாவது விண்வெளி வரைபடத்தின் ஒரு பெரும் பகுதியை, உருவாக்கத் தொடங்கினேன். மூன்று வாரத்தில் எழுபது உலகங்கள் முடிந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் உலகத்தின் தன்மைகளுக்கும் பகடை தரும் எண்கள் பல இடங்களில் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அவற்றைத் திருத்திவிடலாமா? கப்பலை எந்த அளவில் வரைவது?

கே.

அன்புள்ள கே.,

எழுபதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு செக்டர் என்பது 32க்கு 40 என 1,280 அறுகோணக் கட்டங்கள் கொண்டது. கட்டத்துக்கு ஒரு பகடை உருட்டி 4, 5, 6 விழுந்தால் அங்கே உலகம் உண்டு என்பது விதி. அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்னும் ஐந்நூற்றுச் சொச்சம் உலகங்கள் மிச்சமிருக்கின்றன. இதே வேலையை நானும் ஒரு மழைக்காலம் முழுவதும் செய்து ஒரு நீள நோட்டை நிரப்பினேன். அதன்பின் ஓராண்டு நடந்த ஆட்டத்தில் என் நண்பர்கள் இறங்கியவை ஏழே உலகங்கள். அவர்களிடம் இருந்தது, விண்மீன் விட்டு விண்மீன் பாயும் ஒரு தாவலுக்கு ஒரு பார்செக், அதாவது ஒரு கட்டம் மட்டுமே போகக்கூடிய 200 டன் வணிகக் கப்பல் என்பதை நான் யோசிக்கவே இல்லை. 8க்கு 10 கட்டங்கள் கொண்ட ஒரு சப்செக்டரே உங்களுக்கு நெடுநாள் வரும். அதிலும் தொடக்க உலகத்தையும் அங்கிருந்து ஒரே தாவலில் எட்டக்கூடியவற்றையும் மட்டும் விரிவாக எழுதினால் போதும். தாவலுக்கு எப்படியும் ஒரு வாரம் ஆகும் என்பதால், எங்கே போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அன்றைய ஆட்டத்தை அதோடு முடித்துவிட்டால், அடுத்த சந்திப்புக்குள் அந்த உலகத்தைத் தயார் செய்துவிடலாம்.

அறுகோணத் தாளை அச்சிட வேண்டியதும் இல்லை. கணக்கு நோட்டின் சதுரங்களைச் செங்கல் அடுக்குவதைப் போல ஒரு வரி விட்டு ஒரு வரி அரைச் சதுரம் நகர்த்தி வரைந்தால், ஒவ்வொரு கல்லுக்கும் ஆறு அண்டைக் கற்கள் அமைந்துவிடும்.

பொருந்தாத எண்களைத் திருத்த வேண்டாம் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. மார்க் மில்லர் வடிவமைக்க, அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் 1977இல் வெளியிட்ட முதல் பெட்டியில் மூன்று சிறிய கறுப்பு அட்டைப் புத்தகங்கள்தான் இருந்தன. ஆயத்தமான அண்டம் எதுவும் அவற்றில் இல்லை. உலகத்தை நடுவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதற்குப் பகடை துணை செய்யும் என்பதே ஏற்பாடு. என் நோட்டில் 'சி310889-5' என்று ஒரு வரி விழுந்தது. இதில் ஒவ்வொரு குறியும் உலகத்தின் ஒரு தன்மை; வரிசையாகச் சொன்னால்: நடுத்தரமான விண்துறைமுகம், மூவாயிரம் மைல் விட்டம், பெயரளவுக்குக் காற்று, துளி நீர் இல்லை, பத்துக் கோடிக்குக் குறையாத மக்கள், அதிகாரிகள் நடத்தும் அரசு, வீட்டுக்கு வெளியே ஆயுதம் கூடாது என்னும் சட்டம், இவ்வளவுக்கும் நம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியை ஒத்த தொழில்நுட்பம். மூச்சுவிடக் காற்றில்லாத இடத்தில், காற்றை உண்டாக்கும் எந்திரத்தைச் செய்யத் தெரியாத பத்துக் கோடிப் பேர் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்? காற்று எண்ணை 1இலிருந்து, மூச்சுவிடத் தக்க காற்றைக் குறிக்கும் 6 என்று மாற்றியிருந்தால் கேள்வியும் போயிருக்கும், உலகமும் போயிருக்கும். மாற்றாமல் இரண்டு நாள் யோசித்தபோது, எந்திரங்கள் முன்னோர் காலத்தில் வெளியிலிருந்து வந்தவை என்றும், உள்ளூரில் அவற்றைப் பழுது பார்க்க ஆளில்லை என்றும், ஆகவே அரசு காற்றை ரேஷனில் கொடுக்கிறது என்றும் விடை கிடைத்தது.

அந்த விடையிலிருந்துதான் என் கையால் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்ட பொருள் பிறந்தது. பழைய ஃபைல் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நாளுக்கு ஒன்றாகப் பத்துக் கட்டங்கள் போட்டு, உருளைக்கிழங்கில் செதுக்கிய முத்திரையை ஊதா மையில் தோய்த்துக் குத்தி, துறைமுக வேலியைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு காற்று அட்டை கொடுத்தேன். ஆட்டத்தில் ஒரு நாள் கழிந்தால் கட்டத்தில் ஒரு துளை. இரண்டு பக்கத்துக்கு நான் எழுதி வைத்திருந்த அந்த உலகத்தின் வரலாற்றை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் ஏழாவது துளை விழுந்ததும், அதுவரை சரக்கு விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நண்பர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அன்றிரவு வீட்டுக்குப் போகும்போதும் அதைத் திருப்பித் தர மறந்துவிட்டார்.

கப்பலுக்கு வருகிறேன். தளப்படத்தில் ஒரு சதுரக் கட்டத்தின் பக்கம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே டன் என்பது எடையல்ல, ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைக்கும் இடம். மூன்று மீட்டர் உயரத் தளத்தில் இரண்டு கட்டங்கள் ஏறக்குறைய ஒரு டன்னுக்குச் சமம். ஆகவே 200 டன் கப்பலுக்கு 400 கட்டங்கள். புதிதாக வரைபவர்கள் அறைகளையெல்லாம் தாராளமாகப் போட்டுவிட்டு எரிபொருள் தொட்டியை மறந்துவிடுவார்கள். ஒரு பார்செக் தாவலுக்கே கப்பலின் பத்தில் ஒரு பங்கு திரவ ஹைட்ரஜன் வேண்டும். 40 கட்டங்களை அதற்கென முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். சென்டிமீட்டர் கட்டத்தாளில் வரைந்து காலண்டர் அட்டையில் ஒட்டினால் போதும்; ஆட்களுக்குச் சட்டைப் பொத்தான்கள் இருக்கின்றன.

உங்கள் எழுபதில் கொஞ்சமும் பொருந்தாத எண்வரிசை எதுவோ அதை எழுதி அனுப்புங்கள். ஆட்டத்தை அங்கிருந்தே தொடங்க முடியுமா என்று பார்ப்போம்.